புள்ளியும் வேணும், பாடமும் வேணும்

கேள்வி: சிறப்புக் கல்வி ஆசிரியை நான். பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் தேவை. எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?
– வாசகி, மதுரை

பதில்: இந்திய மறுவாழ்வு கவுன்சில் அனுமதித்த சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) பயிற்சிகளுக்குத்தான் புள்ளி. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட்டிலும் (பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம்) விசாரியுங்கள். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான அமெரிக்க பி.சி.பி.ஏ. சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள். இந்தியாவிலிருந்து புது விண்ணப்பங்களை 2023 முதல் அதை வழங்கும் அமைப்பு ஏற்பதில்லை.

சரி, வேலை கற்றுக்கொள்ள? குழந்தைகளின் வீடியோ போட்டுக் காட்டி, பார்த்ததை எழுதச் சொல்லும் பயிற்சியாகத் தேடுங்கள். (சமோசா மட்டுமே ஞாபகமிருக்கும் பயிற்சிகளும் உண்டு!) என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் ‘அடம் பிடித்தான்’ என்றுதான் எழுதுவார்கள். ‘மிக்ஸி ஓடியது, காதைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளினான், அம்மா மிக்ஸியை நிறுத்தினார்’ என்று எழுத வந்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போவேன். அப்படித் திருத்தித் தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.