அய்யனின் பந்து நாயகன்

கேள்வி: கல்லூரி அணிக்கு ஆடிய சென்டர் ஃபார்வர்டு (முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கிறவர்) ஒருத்தர்தானுங்க பத்து வயசில் எங்க அய்யனுக்குச் சாமி. அவரைப் பற்றிய பேப்பர் துண்டுகளும், கையெழுத்துப் போட்ட போட்டோவும் அட்டாலியில் டிரங்குப் பெட்டியில் கிடக்குதுங்க. லேமினேஷன் பண்ணிடலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. பேப்பர் பழுப்பது அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளால். பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் பேப்பர் பழுத்துக்கொண்டேதான் இருக்கும். முதல் வேலையாக 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற துல்லிய அளவு) வைத்து ஸ்கேன் எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால், நாளாக நாளாகப் பசை இறங்கி எழுத்தின் மேல் டீக்கறை மாதிரி நிற்கும். ஒட்டாமலே விடுங்கள். துண்டுகளை அமிலமற்ற தாள்களுக்கு நடுவே மடிக்காமல் விரித்து வையுங்கள். போட்டோவுக்குத் தனி உறை. பேப்பரோடு சேர்ந்தால் அதன் அமிலம் போட்டோவிலும் ஏறும். கையெழுத்து பால்பாயின்ட் மையென்றால் வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும். சுவரில் மாட்ட ஸ்கேன் பிரதி போதும், அய்யன் கோவிச்சுக்க மாட்டார். ஓட்டு வீட்டு அட்டாலி சித்திரையில் அடுப்புதான். கீழறை பீரோவுக்கு மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 2 பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம்.