பரணிலிருந்து ஒரு பழைய பிபிசி மைக்ரோ கணினி கிடைத்திருக்கிறது, எப்படித் தொடங்குவது?

முதலில், அதை மின்சாரத்தில் சொருகாதீர்கள். ஏற்கெனவே சொருகியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

‘மாமா வீட்டுப் பரணில் கிடந்தது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்க ஆசை’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிபிசிக்காக எண்பதுகளில் பிரிட்டனில் செய்த கணினி அது. என்னுடையதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

2017இல் ஒரு காயலான் கடையில், உடைந்த இரும்புக் கட்டிலுக்கும் ஏர்கூலர் கூட்டுக்கும் நடுவில் வரிசையாகச் சிவப்பு விசைகள் தெரிந்தன. கடைக்காரர் அதை டைப்ரைட்டர் என்று நினைத்திருந்தார். எடை போட்டுத் தரத் தயாராக இருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தொள்ளாயிரம் ரூபாய் என்றார். முகத்தை மறைக்கத் தெரியாதவர்கள் பழைய பொருள் வாங்கப் போகக் கூடாது.

முகம் அப்படி மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்தபோது தேர்ந்தெடுத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த பள்ளிக்கும் அப்படி வந்திருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. சாவி ஆசிரியரின் பையில் இருக்கும், கணினிகள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். எங்களுக்கு ஜன்னல் தரிசனம் மட்டும். கேட்டால் ‘தூசி பட்டால் கெட்டுவிடும்’ என்பார்கள். என்றாவது போடும்போது ‘பூம்… பீப்’ என்று இரண்டு சுருதியில் ஒரு சத்தம் தாழ்வாரம் வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் தொள்ளாயிரம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ ஒரு பள்ளியின் பதிவேட்டு எண். விசைகளில் அந்தப் புதுப் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்கூடப் போயிருக்கவில்லை. அதாவது அங்கேயும் ஒரு பிள்ளையையும் தொடவிடாமல் காப்பாற்றி, பத்திரமாகக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாப் பள்ளிகளும் அப்படியல்ல, தெரியும். ஒரு நல்ல ஆசிரியர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையைத் திறந்துவிட்ட பள்ளியில் நீங்கள் படித்திருந்தால் உங்களுக்குக் கொடுப்பினை, என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

ஆசை பொறுக்குமா? அன்று மாலையே சொருகினேன். ‘பூம்… பீப்’ வந்தது! பழைய தொலைக்காட்சியில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்ற வரியும் வந்தது. அதிலேயே இருக்கும் ‘பேசிக்’ நிரல்மொழியில் இரண்டு வரி எழுதி என் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பத்தாவது நிமிடம், பட்டென்று ஒரு வெடி. பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. மனைவி குக்கரைப் பார்க்க ஓடினாள். அம்மா, “அந்தச் சனியனைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போடு” என்றார். நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

தெருமுனை டிவி மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். திறந்து பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது சாகவில்லை. வெறும் கண்டன்சர். யாராவது முப்பது வருடம் தூங்கியவனை எழுப்பி உடனே ஓடச் சொல்வார்களா?”

விஷயம் இதுதான். மின்வழங்கிப் பெட்டிக்குள், வீட்டு மின்சாரம் நுழையும் இடத்தில் மஞ்சள் சாயலில் கண்ணாடி போன்ற சிறு கட்டைகள் இருக்கும். அவைதான் அந்தக் கண்டன்சர்கள். உள்ளே உலோகம் பூசிய காகிதம். வயதானால் மேலோட்டில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே ஈரம் போகும், பிறகு சொருகினால் வெடிக்கும். அதே அளவில், வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தாங்கும் ‘எக்ஸ்2’ வகைக் கண்டன்சர் புதிதாக வாங்கிப் போட வேண்டும். விலை இரண்டு பேர் டீ குடிக்கும் காசு. ஆனால் அந்தப் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மின்வழங்கியில் கை வைத்துப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். ‘நான் பல வருடமாக அப்படியேதான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல ஒருவர் வருவார். அவர் நீடூழி வாழட்டும். நீங்கள் மாற்றிவிட்டே ஓட்டுங்கள்.

அதன் பிறகு பாதி வேலை முடிந்தது மாதிரி. மூடியைக் கழற்றி, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஐசி சிப்புகளை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்துங்கள். கால்களில் கறுப்புப் பிடித்திருந்தால் எடுத்துத் துடைத்து, திசை மாறாமல் திரும்ப வையுங்கள். போட்டதும் ‘பூம்’ மட்டும் விடாமல் ஒலித்து ‘பீப்’ வரவில்லை என்றால் இந்தத் தொடர்புகள்தான் என் முதல் சந்தேகம்.

படத்துக்குக் கவலை வேண்டாம். நம் தொலைக்காட்சியும் பிரிட்டனுடையதும் ‘பால்’ (PAL) என்ற ஒரே வண்ண முறை, மின்சாரமும் 50 சுழற்சி. அமெரிக்கக் கணினி வாங்கியிருந்தால் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தேடி அலைய வேண்டியிருக்கும். பின்பக்கத்தில் ‘பிஎன்சி’ எனப்படும் வட்டமான வீடியோ முனையிலிருந்து டிவியின் மஞ்சள் துளைக்கு ஒரு வயர் போதும். படம் கறுப்பு வெள்ளையில் வரும், அது பழுதல்ல.

நிரல்களை ஏற்ற டேப்ரெக்கார்டர் தேட வேண்டியதில்லை. ஒலிக்கோப்பைக் கைபேசியின் ஹெட்போன் துளையிலிருந்து அனுப்பினாலே விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் வாங்கிக்கொள்ளும். ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், முதல் வாரம் எரிச்சல் வரும். பிறகு வசதி வேண்டுமானால் ‘யூசர் போர்ட்’ என்ற இணைப்பு முனையில் மாட்டும் மெமரி கார்டு பலகை இருக்கிறது. மஞ்சள் பூத்த மூடியைப் பெராக்சைடில் வெளுக்கும் வேலையெல்லாம் அப்புறம்.

மின்வழங்கி சரியாகும் வரை உலாவியிலேயே ஓடும் ‘ஜேஎஸ்பீப்’ எமுலேட்டரில், அதாவது இந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், பேசிக் பழகுங்கள். திரையைக் காட்டும் விதங்களை ‘மோட்’ என்பார்கள். எழுத்துக்கான மோட் 7 திரைக்கு 1 கேபி நினைவகம் போதும், வண்ணப் படங்களுக்கான மோட் 2இல் 20 கேபி போய்விடும். இருக்கிற 32 கேபியில் அவ்வளவு பறிபோகும்போதுதான் நினைவகத்தின் அருமை உறைக்கும். ‘எமுலேட்டரே போதுமே, இரும்பு எதற்கு’ என்பவர்களிடம் வாதாட என்னால் முடியாது. என் மைத்துனர் ஒரு பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு மாதம் இரண்டு முறை மெக்கானிக்குக்கு அழுகிறார். அதில் எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. ‘இதில் என்ன உபயோகம்’ என்ற கேள்வி என் மேசைக்கு மட்டும் வரும். கேட்பவரின் கையிலிருக்கும் கைபேசியில் ஓடுவது ஆர்ம் செயலி. அந்த வகையில் முதல் செயலியை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இந்த பிபிசி மைக்ரோவைச் செய்தவர்களிலும் முக்கியமானவர்கள். இதைச் சொன்னால் ‘அப்படியா’ என்றுவிட்டு மறுபடியும் உபயோகம் கேட்பார்கள்.

என்னுடையது இப்போது கூடத்து மேசையில் இருக்கிறது. வருகிற பிள்ளைகள் எல்லாரும் தட்டுகிறார்கள், இடைவெளி விசை பளபளக்கத் தொடங்கிவிட்டது. தூசி படியுமே, ஒரு துணியாவது போட்டு மூடேன் என்கிறார் அம்மா. மூடவில்லை.