கால் அவசரப்பட்டால் கயிறு சிக்கும்: ஸ்கிப்பிங் பற்றிய கேள்வி-பதில்

இந்தக் கிழமை கிடைத்த கேள்விகளில் பெரும்பாலானவை, சாதாரணமாகக் கயிறடிக்கப் பழகிவிட்டு அடுத்த நுட்பங்களைத் தொட்டுப் பார்ப்பவர்களிடமிருந்து வந்தவை.

கேள்வி: சாதாரணமாக நூறு தடவை தடங்கலின்றிப் பாய்கிறேன். கைகளைக் குறுக்கே மாற்றியவுடன் கயிறு காலில் சிக்கிவிடுகிறது. என்ன பிழை? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கைகளைக் குறுக்குவது கைகளின் வேலை, கால்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. கை மாறும் கணத்தில் காலும் பதறி முன்கூட்டியே எழும்பிவிடுவதால்தான் அநேகருக்குக் கயிறு சிக்குகிறது.

கயிறு தலையைக் கடந்து கண்ணெதிரே இறங்கத் தொடங்கும்போது கைகளைக் குறுக்கிவிட வேண்டும். வலக்கை இடது இடுப்பையும் இடக்கை வலது இடுப்பையும் தாண்டி நீண்டு, பிடிகளின் நுனிகள் இருபுறமும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மார்பில் கைகட்டி நிற்பதுபோல் மேலே குறுக்கினால் வளையம் ஒடுங்குவதோடு கயிறும் நிலத்தை எட்டாது. முதல் சில நாட்களுக்கு ஒரே ஒரு தடவை குறுக்கி, வந்த கயிற்றைப் பாதத்தால் மிதித்து நிறுத்திப் பழகுங்கள். அது கைவந்த பின் ‘தகதிமி’ என்று நான்கு எண்ணி, முதல் மூன்றையும் திறந்த கைகளோடும் ‘மி’யை மட்டும் குறுக்கியும் பாயலாம். எப்போதும் ஒரே கையை மேலே வைக்காமல் மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: ஒரு பாய்ச்சலில் கயிற்றை இரண்டு தடவை சுற்ற மூன்று மாதமாக முயல்கிறேன். ஒன்று வருகிறது, அடுத்தது வருவதில்லை. (கொட்டாஞ்சேனை இளைஞர்)

பதில்: ஒன்று வருகிறது என்றால் வலிமை போதும், குறைவது தாளம். உயரம் போதாது என்று எண்ணி முழங்காலை மார்புக்கு இழுப்பவர்களும் குதிகாலைப் பின்னால் உதைப்பவர்களும் நிலத்தில் குலைந்து இறங்குவதால் அடுத்த பாய்ச்சலைத் தொடங்க முடியாமல் போகிறது. உடலை நேராக வைத்து, சாதாரணப் பாய்ச்சலைவிடச் சற்று உயரமாக எழும்பினால் போதும்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, எழும்பி அந்தரத்தில் இருக்கும்போது தொடைகளில் இரண்டு தடவை விரைவாகத் தட்டி இறங்குங்கள்; அந்த இரட்டைத் தட்டின் வேகம்தான் மணிக்கட்டின் வேகம். மணிக்கட்டைச் சுழற்றுங்கள் என்று சொன்னால் முழுக்கையையும் சுழற்றுபவர்களே அதிகம். ஒவ்வொரு அக்குளிலும் ஒரு சிறிய துவாயை இடுக்கிக்கொண்டு பழகினால் முழங்கை விலகும்போது துவாய் விழுந்து காட்டிக்கொடுக்கும். களைப்பில் கைகள் அகல விரியும்போது கயிறு குட்டையானதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே களைத்த பின் முயல்வது பிழையையே மனனம் செய்வதாகும். நாளுக்குப் பத்து நிமிடம், ‘ஒற்றை, ஒற்றை, இரட்டை’ என்ற வரிசையில், உடல் புத்துணர்வோடு இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கயிற்றின் நீளத்தையும் பாருங்கள். நடுவில் ஒரு காலால் மிதித்து இழுக்கும்போது பிடிகள் அக்குள்வரை வந்தால் அது பழகுநருக்கும் கைக்குறுக்குக்கும் ஏற்றது. இரட்டைச் சுற்றுக்கு நெஞ்சின் நடுப்பகுதிவரை குறைக்கலாம்.

கேள்வி: பரதம் பயில்கிறேன். உடற்தகுதிக்காகக் கயிறடிக்கத் தொடங்கிய பின் முழங்காலுக்குக் கீழே முன்காலின் உட்பக்கம் வலிக்கிறது. (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: அடவுகளில் பாதம் முழுவதும் தட்டையாக நிலத்தில் அறைகிறது, அந்தப் பழக்கம் கயிற்றிலும் தொடர்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இங்கே முன்பாதத்தில் இறங்கி, குதிகால் மெதுவாக நிலத்தை நெருங்க, முழங்கால் சற்றே மடிந்து கொடுக்க வேண்டும். எழும்பும் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். நடன வகுப்பும் கயிறும் ஒரே நாளில் வேண்டாம், ஏனெனில் எலும்புக்கும் தசைநாருக்கும் இரண்டும் ஒரே வகைச் சுமைதான்.

வலி நீளவாக்கில் பரவி, ஓய்வெடுத்தால் தணிந்தால், சில நாட்கள் நிறுத்திவிட்டு, ஒற்றைக் காலில் வலியின்றித் துள்ள முடிந்த பின் பாதி அளவில் மீண்டும் தொடங்கலாம். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தாலோ இரவிலும் வலித்தாலோ எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும் என்பதால், தயவுசெய்து அரங்கேற்றம் முடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி: பத்து நிமிடக் கயிறு அரை மணிநேர ஓட்டத்துக்குச் சமமா?

பதில்: இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை பாய்வது ஓய்வைப்போல் ஏறத்தாழ 11.8 மடங்கு சக்தியையும், மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டம் 8.3 மடங்கையும் செலவிடுகின்றன. அப்படியானால் பத்து நிமிடம் ஏறத்தாழ 14 நிமிட ஓட்டமே.

கேள்வி: தொடர்மாடியில் வசிக்கிறோம். கீழ்வீட்டார் முறையிடுகிறார்கள். காலிமுகத்திடலில் கயிறடிக்கலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: தாராளமாக. ஆனால் கடற்காற்று மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றையும் கம்பிக் கயிற்றையும் வளைத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாசிமணி கோர்த்த கயிறு நல்ல துணை. அது நிலத்தில் படும் ஓசையே தாளத்தையும் சொல்லித் தரும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால் உடல் சூடு இறங்குவதற்கு நேரம் எடுக்கும். கரடுமுரடான கொங்கிறீட் கம்பிக் கயிற்றை விரைவில் தேய்த்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளின் தாய் நான். பாயும்போது சிறுநீர் கசிகிறது. யாரிடமும் கேட்கக் கூச்சமாக உள்ளது.

பதில்: கேட்டதற்கு நன்றி. மகப்பேற்றின் பின் இது பலருக்கும் நேர்வது. பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியதும் அல்ல. இடுப்புத்தளத் தசைகளை, சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளிழுத்துத் தளர்த்தும் பயிற்சியை, தடவைக்கு எட்டு வீதம் நாளில் மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். சரியான தசைதான் இயங்குகிறதா என்பதைப் பெண்நோயியல் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை இரட்டைச் சுற்றை விட்டுவிட்டு, குத்துச்சண்டை வீரர்கள் செய்வதுபோல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றும் தாழ்ந்த பாய்ச்சலை அரை நிமிடம் அரை நிமிடமாகச் செய்து பார்க்கலாம். அதிலும் கசிந்தால் கயிற்றை நிறுத்திவிட்டு நடையைத் தொடருங்கள்.