“வட்டாரங்கள் தெரிவித்தன” – போர்ச் செய்தி படிப்பது பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: அண்ணா, ராணுவச் செய்திக்கு எந்தச் சேனல் நடுநிலை? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

பெயர் சொல்ல மாட்டேன் தம்பி, சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. ஒரே நிறுவனம் காலையில் நல்ல செய்தி போடும், ராத்திரி குப்பையைக் கொட்டும். நான் முதலில் பார்ப்பது வாக்கியத்தின் வாலை. தமிழில் யார் சொன்னது என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வந்து நிற்கும். “ராணுவச் செய்தித் தொடர்பாளர் தெரிவித்தார்” என்றால், நாளைக்குப் பொய்யாகிப் போனால் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். “பாதுகாப்புத் துறை வட்டாரங்கள் தெரிவித்தன” என்றால் ஆள் இல்லை. “கூறப்படுகிறது” என்றால் வட்டாரம்கூட இல்லை.

நான் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தவன். ஏஜென்சி செய்தி வரும், மொழிபெயர்ப்போம், பக்கத்தில் இடம் பத்தாது, முதலில் கத்தரி விழுவது அந்த வாலில்தான். தலைப்பிலோ அதற்கு இடமே கிடையாது. எவனோ பெயர் சொல்லாமல் கொடுத்த எண்ணிக்கை, விடிந்தால் நான்கு பத்தி அகலத் தலைப்பில் நடந்து முடிந்த உண்மையாக நிற்கும். நானும் வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: பாலகோட்டில் 300 பேர் செத்தார்களா, இல்லையா?

பாகிஸ்தானின் பாலகோட்டில் தீவிரவாத முகாம் மீது என்று சொல்லி நம் விமானப்படை குண்டு வீசிய நாள் அது. 2019 பிப்ரவரி 26 அன்று வெளியுறவுச் செயலாளர் விஜய் கோகலே வாசித்த அறிக்கையில் எண்ணிக்கையே இல்லை, மிகப் பெரிய எண்ணிக்கையில் தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்றுதான் இருந்தது. 300 என்பது வட்டாரம் கொடுத்தது. பாகிஸ்தான் மரங்கள்தான் விழுந்தன என்றது. மார்ச் முதல் வாரத்தில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செயற்கைக்கோள் படத்தில் குண்டு வீசியதாகச் சொன்ன இடத்திலிருந்த மதரசா கட்டடங்கள் நின்றுகொண்டிருந்தன. சரி, அப்படியானால் பாகிஸ்தான் சொன்னது முழு உண்மையா? ஒளிக்க ஒன்றுமில்லை என்றவர்கள் வெளிநாட்டு நிருபர்களை அந்த வளாகத்துக்குள் கூட்டிப்போனது ஏப்ரல் 10-ஆம் தேதி, 43 நாள் கழித்து. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாக்குதலுக்கு அடுத்த நாள், பிப்ரவரி 27, இதைவிடப் பெரிய பாடம். இரண்டு இந்திய விமானிகள் எங்கள் பிடியில் என்றது பாகிஸ்தான் ராணுவம்; சாயங்காலத்துக்குள் அது ஒருவராகிவிட்டது. இங்கே, காஷ்மீரில் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து விமானப்படையினர் 6 பேரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். விபத்து என்றே முதலில் செய்தி வந்தது. நம் ஏவுகணையே அதை வீழ்த்தியது, பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில். நடுவில் ஒரு மக்களவைத் தேர்தலே முடிந்துவிட்டது. காரணத்தை நான் சொல்லவில்லை, காலண்டரை மட்டும் காட்டுகிறேன்.

கேள்வி: 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது கராச்சி துறைமுகம் தரைமட்டம் என்று நானே டிவியில் பார்த்தேன் சார். கண்ணால் பார்த்ததையும் நம்பக் கூடாதா?

மே 8 ராத்திரிதானே? என் மச்சான் தூக்கத்திலிருந்து எழுப்பி “கராச்சி காலி” என்றார். விடிந்து பார்த்தால் கராச்சி அங்கேயேதான் இருந்தது. அந்த நாட்களில் சுற்றிய வீடியோக்களில் சில, ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் கேமிலிருந்து எடுத்தவை. உக்ரைன் போரின்போதும் இதே கூத்துதான். 2022-இல் அந்த கேமைத் தயாரிக்கும் செக் நிறுவனமே கண்டுபிடிக்கும் வழியை அறிவித்தது. படம் மங்கலாக, இருட்டில், ஆடிக்கொண்டே இருக்கும்; சத்தம் இருக்காது; மனிதர்கள் நடமாட்டம் இருக்காது, ஏனென்றால் கேமில் மனிதன் நடப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அந்தச் சண்டையில் யாருக்கு எத்தனை விமானம் போச்சு?

எதிராளியின் இழப்பை ஒருவர் சொன்னால் அது கோரிக்கை மனு மாதிரி, ரசீது இல்லை. தன் இழப்பைத் தானே சொன்னால் அதற்கு எடை உண்டு. மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான், நாம் விமானம் இழந்தோம் என்று ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை, பாகிஸ்தான் சொல்லும் ஆறு விமானம் என்ற கணக்கு தவறு என்றார். இதில் முதல் பாதி எனக்குப் போதும். ஆகஸ்டில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் பெரிய விமானம் ஒன்றையும் வீழ்த்தியதாகச் சொன்னார். அதையும் பாகிஸ்தானின் ஆறையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உடைந்த விமானத்தின் படமோ வரிசை எண்ணோ வரட்டும், டப்பாவைத் திறக்கலாம்.

கேள்வி: அப்போ வெளிநாட்டுப் பத்திரிகை?

இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகள் போதிய சந்தேகத்தோடு எழுதப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் குறிப்பு போட்டது. போர் தொடங்கி ஒரு வருடத்துக்கும் மேல். அதே காலத்தில் நைட் ரிடர் என்ற, அவ்வளவு மதிப்பில்லாத நிறுவனத்தின் நிருபர்கள் சந்தேகப்பட்டு எழுதினார்கள். எல்லாரும் மேலிடத்தைக் கேட்டபோது அவர்கள் கீழ்மட்ட அதிகாரிகளைக் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணம். 2009-இல் வன்னியிலிருந்து வந்த செய்திகளை எப்படி எடைபோடுவது?

2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா. மற்றும் உதவி அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது, நிருபர்களுக்கு அனுமதி இல்லை. வெளிக் கண்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பொதுமக்கள் இழப்பே இல்லை என்று ஓர் அரசு சொன்னால், அந்த மூடியதுதான் செய்தி. 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்ற இடத்துக்கு வந்தது. அதே அறிக்கை, மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும் வெளியேற முயன்றவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. அன்றைக்கு நாம் விரும்பிப் படித்த தளங்களில் இந்த இரண்டாவது பாதி அநேகமாக வரவே இல்லை. கசப்புதான், உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

கேள்வி: “வீரமரணம்” என்று எழுதும் பத்திரிகை சார்பானதுதானே? அதை ஒதுக்கிவிடலாமா?

சார்பு வேறு, பொய் வேறு. அந்தச் சொல் பத்திரிகை யார் பக்கம் நிற்கிறது என்று சொல்கிறது, எண்ணிக்கை சரியா என்று சொல்லாது. 2019-இல் காஷ்மீரின் புல்வாமா குண்டுவெடிப்பில் இறந்த சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேருக்கும் வீரமரணம் என்றுதான் போட்டார்கள், 40 சரியான கணக்கு. சொல்லைத் தாண்டி எண்ணுக்கு வாருங்கள், அப்புறம் அந்த எண்ணின் வாலுக்கு.