மாடி வீட்டில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கலாமா?

கேள்வி: மதுரை விளாங்குடியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறாகிவிடும். வீட்டில் மாமியார் இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. 11 வயது மகன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு பார்டர் கோலி நாய்தான் வேண்டும் என்கிறான். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் கணவரின் நண்பரோ சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் காசில்லாமலே தருகிறேன் என்கிறார். மொட்டை மாடியை நாங்கள் பயன்படுத்தலாம். உசிலம்பட்டி அருகே சொந்த ஊரில் தோப்பும் உண்டு. எது எங்களுக்கு ஒத்துவரும்?

பதில்: பார்டர் கோலி வேண்டாம். மகன் முகம் வாடும் என்று தெரியும்; இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஆட்டுமந்தையை மடக்கவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. மேய்ப்பவர் ஒரு சீழ்க்கை அடித்தால் எந்தப் பக்கம் வளைய வேண்டும், எந்த ஆட்டை மறிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓடும். உங்கள் மகன் வீடியோவில் பார்த்து வியந்தது அந்த மூளையைத்தான். அதற்கு நாம் வேலை கொடுக்காவிட்டால் அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். போகிற வருகிற பைக்கை மறிக்கும். ஓடும் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வும். சுவரில் விழும் நிழலை மணிக்கணக்கில் துரத்தும். போதாக்குறைக்கு இரண்டு அடுக்கு ரோமம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். 40 டிகிரியைத் தொடும் மதுரைச் சித்திரையில் அதை ஓடவிடவும் முடியாது, ஓடவிடாமல் இருக்கவும் முடியாது. பனிநாட்டு நாயான ஹஸ்கி பற்றிக் கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஏசி அறைக்குள் பூட்டிவைப்பதை நாய் வளர்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிப்பிப்பாறை வேறு ரகம். தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய். (முயல் வேட்டை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; நண்பருக்கும் நினைவூட்டி வையுங்கள்.) மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பும். கண்ணில் பட்டதும் பாயும். சில நிமிடங்களில் ஓட்டம் முடிந்துவிடும். பிறகு மூலையில் சுருண்டு தூங்கும். துடிப்பான நாய் என்றாலே நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்த சிப்பிப்பாறை, ஒழுங்காக ஓட்டம் கிடைத்தால், வீட்டுக்குள் இருக்கும் இடம் தெரியாது. குட்டை ரோமம் என்பதால் நம் வெயிலையும் ஓரளவு தாங்கும்.

சிக்கல் அந்தச் சில நிமிடப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. பூனையோ கோழியோ ஓடுவதைப் பார்த்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. உங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றடிதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது இந்த நாய்க்கு ஒரு தாவு. எதிர்வீட்டுச் சன்ஷேடில் பூனை நடந்தால் போதும், மாடி என்பதை மறந்து குதித்துவிடும். சுவருக்கு மேல் ஆளுயரத்துக்குக் கம்பி வலை அடிக்காமல் அங்கே அவிழ்த்துவிடாதீர்கள். கழுத்துப் பட்டையிலும் கவனம் வேண்டும். குறுகிய தலை, நீண்ட கழுத்து. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்துக் கழற்றிவிட்டு ஓடிவிடும். அகலமான, இழுத்தால் இறுகும் பட்டையை வாங்குங்கள். மூச்சை அடைக்காத அளவுக்கு மட்டும் இறுகுவதாக இருக்கட்டும். தோப்பு நல்ல இடம்தான். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஆடு மேய்ந்தால் அவிழ்த்துவிட்ட ஐந்தாவது நிமிடம் பஞ்சாயத்து உங்கள் வாசலுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் திங்கள் முதல் சனி வரையிலான நாட்களுக்கு ஈடாகவும் ஆகாது.

ஆகவே இனத்தைவிட உங்கள் கடிகாரம்தான் இதில் முக்கியம். கோடையில் மதுரைத் தார்ச்சாலை சூரியன் சாய்ந்த பிறகும் சூடாகவே கிடக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. அப்படியானால் காலை ஆறரைக்குள் ஒரு நடை, இரவு ஏழரைக்கு மேல் இன்னொரு நடை. இதை யார் செய்வார்? மாமியார் வீட்டில் இருப்பது நாய்க்குத் துணை. ஆனால் ஒரு வயதுச் சிப்பிப்பாறை கயிற்றைச் சுண்டி இழுத்தால் மூட்டுவலி உள்ளவர் விழுந்துவிடுவார். அவரிடம் கயிற்றைக் கொடுக்கவே வேண்டாம். மகனையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நாய் 12 அல்லது 14 ஆண்டு இருக்கும். அவன் ஏழு ஆண்டில் கல்லூரிக்குப் போய்விடுவான். மிஞ்சுவது நீங்களும் கணவரும்தான்.

குட்டியை வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நாய் இல்லாமலே, தினமும் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி முக்கால் மணி நேரம், இரவில் அரை மணி நேரம் நடங்கள். எந்தச் சந்தில் எத்தனை தெருநாய் இருக்கிறது, எவை உறுமும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கயிற்றில் ஒரு நாயோடு போகும்போது அந்தத் தகவல் ரொம்பவே உதவும். நடையைத் தவறவிட்ட நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தவறினால் நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டுக் குட்டியை மறந்துவிடுங்கள்.

ஒத்திகையில் தேறினால், அப்போதும் குட்டியாக எடுக்க நான் அவ்வளவு ஆசைப்பட மாட்டேன். முதல் ஒன்றரை ஆண்டு எந்த வேட்டைநாய்க் குட்டியும் செருப்பையும் சோபாவையும் விட்டுவைக்காது. ஒன்பதரை மணி நேரம் நீங்கள் இல்லாத வீட்டில் மாமியார்தான் அதைச் சமாளிக்க வேண்டியிருக்கும். இரண்டு வயது தாண்டிய, சுபாவம் தெரிந்த நாய் அந்த நண்பரிடமே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாநகரில் மீட்டெடுத்து வளர்ப்பவர்களிடம் அமைதியான வளர்ந்த நாட்டுநாய் கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு அதுதான் மிகப் பொருத்தம் என்பது என் கணிப்பு. லாப்ரடார்தான் சாதுவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் இரண்டு வயதுவரை அடங்காது, பிறகு நம் வீடுகளில் சோறு தின்று உருண்டையாகிவிடும்.

எந்த நாய் வந்தாலும் நடை மட்டும் போதாது. காலை உணவில் பாதியைத் தட்டில் போடாமல், பழைய கோணிப்பையை மடித்து அதற்குள் தூவி, தேடித் தின்னவிடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் சீக்கிரம் களைத்துப்போய்ப் படுத்துவிடும். மாமியாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை இது.

குட்டிதான் என்று முடிவானால் எட்டு வாரம் முடியுமுன் வாங்காதீர்கள். அதற்கு முன் விற்பதை 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகள் தடுக்கின்றன, இலவசமாக வந்தாலும் தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரிப்பது தவறு. கோவில்பட்டிக்கு நேரில் போய்த் தாய்நாயைப் பாருங்கள். அது அந்நியரைக் கண்டு பதுங்கினால் குட்டியும் அப்படி வர வாய்ப்புண்டு. உண்ணி மருந்து, தடுப்பூசிச் செலவுகளைக் கால்நடை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் நாய்க்கும் கம்பி வலைக்கும் சேர்த்து எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.