மெல்ல, மெதுவாக, பைய: எதை எங்கே சொல்வது?

பொள்ளாச்சியிலிருந்து: ஐயா, மெல்ல, மெதுவாக ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

பெரும்பாலும் மாற்றிப் போடலாம். இரண்டுக்கும் அடிப்பொருள் வேகம் அல்ல, மென்மை. மெதுவடையில் இருக்கிற அதே 'மெது'தான். அழுத்தாமல், அதிராமல் செய்கிற வேலையில் வேகமும் குறையும். பொருள் அந்த வழியில் விரிந்தது. சிக்கலும் அங்கேதான். "மெதுவாப் பேசுங்க" என்றால் பலர் குரலைத்தான் தாழ்த்துவார்கள், வேகம் அப்படியே ஓடும். வேகம் குறைய வேண்டுமானால் "நிதானமாப் பேசுங்க" என்று கேளுங்கள்.

திருப்பூர்: மெஷின் பக்கத்தில் ஒட்டுவதற்கு 'மெதுவாக இயக்கவும்' சரிங்களா அண்ணா?

வேண்டாம். பதமாகத் தொட்டு ஓட்டு என்றும் படிக்க இடமிருக்கிறது. 'வேகத்தைக் குறைக்கவும்' என்று போட்டு, எந்த அளவுக்கு என்பதையும் எண்ணில் எழுதிவிடுங்கள்.

சத்தியமங்கலம்: திம்பம் பாதைக்குப் பலகை எழுதுகிறோம். 'மெதுவாக செல்லவும்' போதுமா?

'மெதுவாகச் செல்லவும்'. 'ஆக' என முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். 'மெல்ல'வுக்கும் அதே விதி: மெல்லத் திறந்தான், மெல்லப் பேசினாள். 'மெல்ல மெல்ல'வில் மிகாது, 'பையப் பைய'வில் மிகும். 27 கொண்டை ஊசி வளைவுள்ள பாதை அது. எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். இடமில்லை என்று ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

கோபி: 'மெல்லமா' தப்புங்களா?

பேச்சில் இருக்கட்டும். எழுத்தில் 'மெல்ல' மட்டும் போதும், 'ஆக' தேவையில்லை. 'மெள்ள' பிழையல்ல, அதுவும் பழைய வடிவம்தான்.

வாளையார்: 'பைய' மலையாளச் சொல்லா?

நல்ல தமிழ்ச்சொல். குறிப்பறிதல் அதிகாரத்தில் 1094ஆம் குறள் 'மெல்ல நகும்' என்று முடிகிறது, 1098 'பைய நகும்' என்று. அதே காதலியின் சிரிப்புக்கு வள்ளுவர் இரண்டையும் ஆள்கிறார். நெல்லையிலும் குமரியிலும் 'பைய' இன்றும் வீட்டுப் பேச்சு. மலையாளம் பய்யெ, மெல்லெ இரண்டையும் வைத்திருக்கிறது. திம்பம் தாண்டினால் கன்னடத்தில் மெல்லகெ.

ஈரோடு: 'ஜவுளி வியாபாரம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதலாமா? தாமதம் என்பதும் இதே பொருள்தானே?

'மந்தமாக' என்று எழுதுங்கள். மந்தம் ஒரு நிலை: வயிறு மந்தம், காது மந்தம். "மந்தமாக நட" என்று யாரையும் ஏவ முடியாது. சனிக் கோளுக்கு மந்தன் என்றொரு பெயர் உண்டு. அது சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகும். தாமதம் வேறு. அது வேகத்தைச் சொல்வதில்லை, நேரம் தவறியதைச் சொல்கிறது. மெதுவாக வந்த பஸ் நேரத்துக்கே வந்திருக்கலாம், விரட்டி வந்த பஸ் தாமதமாகவும் வந்திருக்கலாம்.