சென்னை–சிங்கப்பூர்: விமானத்தில் நான்கு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

அம்மா முதன்முறையாக சிங்கப்பூர் போகிறார், டிக்கெட்டைப் பார்த்தால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் வருகிறது, அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், அவ்வளவு ஆகாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரவு 11:30-க்குக் கிளம்பி காலை 6:15-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் கணக்கு 6 மணி 45 நிமிடம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதைக் கழித்தால் மிச்சம் 4 மணி 15 நிமிடம்தான். இறங்கும்போது அம்மாவின் கைக்கடிகாரம் 3:45 என்றே காட்டும்.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை நேர்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடியவேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடக்கும். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள்.

திரும்பி வரும்போது கடிகாரக் கணக்கு தலைகீழாகும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது போலத் தெரியும். அப்புறம், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். அது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும்.

அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கையாக வாங்கிக் கொடுங்கள். நடுவில் எழுந்து நடக்க வசதி.